தூள் மருந்தா, வில்லை மருந்தா?

வாய்ப்பக்கத்தால் மருந்தைக் கொட்டி, கோலால் இடித்து, அதன்மேல் குண்டையோ சன்னத்தையோ இறக்கிச் சுடும் துவக்கை வன்னிப் பகுதியில் இடியன் என்பார்கள். காட்டோரக் கமக்காரரின் வாழ்க்கையோடு பன்றிக் காவல் என்ற பெயரில் நெடுங்காலமாக ஒட்டிவந்த ஆயுதம் இது. தோட்டா போடும் துவக்கு வந்தவுடன் இந்த வகை உலகெங்கும் ஒழிந்துபோயிற்று என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. ஐக்கிய அமெரிக்காவில் பல மாநிலங்கள் மான் வேட்டைக்கென வாய்வழி நிரப்பும் துவக்குகளுக்கு மட்டும் தனியான பருவகாலம் ஒதுக்கியுள்ளன. அதற்காகவே புதிய இடியன்கள் தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன. அவற்றுக்கான மருந்தும் கடைகளில் விற்கப்படுகிறது.

அந்த மருந்து இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, மணி மணியாக உதிரியாக இருக்கும் தூள் மருந்து. மற்றது, அதே அளவு மருந்தை அழுத்தி மாத்திரைபோலச் செய்த வில்லை மருந்து. இவற்றில் எது நல்லது என்பது அங்குள்ள வேட்டைக்காரரிடையே ஓயாத விவாதம்.

அவர்களுடைய விவாதம் எமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை காண முயலும்போது ஒரு துவக்கின் குழலுக்குள் என்ன நடக்கிறது என்பது விளங்குகிறது. அது விளங்காத காரணத்தால் கையையும் கண்ணையும் இழந்தவர்கள் எமது ஊர்களிலும் உண்டு. இக்கட்டுரை சொல்லவிருக்கும் செய்தி ஒன்றுதான்: விலையையோ வசதியையோ பார்த்து மருந்தைத் தெரிவு செய்ய முடியாது. எந்த மருந்தை ஏற்கும் என்பதை ஒவ்வொரு துவக்கும் தன் அமைப்பினாலேயே தீர்மானித்து வைத்திருக்கிறது.

இடியன் வேலை செய்யும் விதம்

இடியனின் குழல் ஒரு பக்கம் அடைத்த குழாய். அடைத்த பக்கத்தில் மருந்து இருக்கும். அதன்மேல் தும்பு, துணி போன்ற அடைப்பு. அதற்கு மேல் குண்டு. மருந்துக்கு நெருப்புப் போக ஒரு சிறு துளை உண்டு.

நெருப்பை உண்டாக்கும் முறையில் மூன்று படிகளைக் காணலாம். பழைய கல் துவக்கில் சக்கிமுக்கிக் கல் உருக்கில் உரசிப் பொறி பறக்கும். அப்பொறி வெளியிலுள்ள சிறு தட்டில் இருக்கும் நுண்ணிய மருந்தைப் பற்றவைக்கும். அதன் சுவாலை துளை வழியே உள்ளே செல்லும். 19ஆம் நூற்றாண்டில் கேப்பு எனப்படும் சிறு செப்புத் தொப்பி வந்தது. சுத்தியல் அதன்மேல் அடிக்க, அது தெறித்து நெருப்பை உள்ளே செலுத்தும். இவ்வகைத் துவக்குகள் பலவற்றில் கேப்பு குழலின் பக்கத்தில் இருக்கும். நெருப்பு ஒரு மூலை திரும்பித்தான் மருந்தை அடைய வேண்டும். மூன்றாவது வகை அண்மைக் காலத்தது. 1985இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ரோனி நைற் என்ற துவக்குத் தொழிலாளி, கேப்பை மருந்துக்கு நேர் பின்னால் வைக்கும் றைபிள் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இதில் நெருப்பு வளையாமல் நேராகப் பாய்கிறது. பின்னர் இவ்வகைத் துவக்குகளில் தோட்டாவுக்குரிய வலுவான கேப்பே பாவிக்கப்படலாயிற்று.

இந்த மூன்று படிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூளா வில்லையா என்ற கேள்விக்குரிய விடையில் பெரும்பகுதி இங்கேயே அடங்கியுள்ளது.

மாவு மணியான கதை

கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் என்ற மூன்றும் சேர்ந்த கலவை. கரியும் கந்தகமும் எரியும் பொருட்கள். அவை எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனை வெடியுப்புக் கொடுக்கிறது. அதனாலேயே காற்றுப் புகாத குழலுக்குள்ளும் மருந்து எரிகிறது. 9ஆம் நூற்றாண்டளவில் சீனர் இதனை அறிந்திருந்தனர்.

ஐரோப்பாவில் முதலில் பாவித்த மருந்து வெறும் மாவாக இருந்தது. அதில் மூன்று குறைகள் இருந்தன. வண்டிலில் ஏற்றிச் செல்லும்போது ஆட்டத்தில் மூன்று பொருட்களும் பிரிந்து, பாரமானது அடியிலும் இலேசானது மேலுமாக ஒதுங்கின. மாவு ஈரத்தை விரைவாக உறிஞ்சியது. குழலுக்குள் இறுக இடித்தால் நெருப்பு உட்புக இடமின்றி மெதுவாக எரிந்தது; தளர்வாக விட்டால் வேறுவிதமாக எரிந்தது. ஒரே அளவு மருந்து போட்டாலும் ஒருமுறைபோல் மறுமுறை இருக்கவில்லை.

15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கொரு வழி கண்டனர். மாவை நனைத்து, அழுத்தி, உலர்த்தி, மணிகளாக உடைத்துச் சல்லடையில் தரம் பிரித்தனர். எமது வீடுகளில் பிட்டுக்கு மா குழைப்பதை எண்ணிப் பாருங்கள். மாவில் அளவாக நீர் தெளித்துக் கொத்தி மணி மணியாக்கினால், மணிகளுக்கிடையே ஆவி புகுந்து பிட்டு ஒரே சீராக வேகும். குழைவு கூடிக் கட்டியானால் நடுவில் மா வேகாது. மருந்திலும் இதே கணக்குத்தான். மணிகளுக்கிடையே உள்ள வெளியினூடாக நெருப்பு ஓடி எல்லா மணிகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றுகிறது. பின்னர் ஒவ்வொரு மணியும் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி எரிகிறது.

ஆகவே மணியின் பருமனே எரியும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சிறு மணி விரைவாக எரியும். அழுத்தம் சடுதியாக உயரும். பெரு மணி மெதுவாக எரியும். அமெரிக்கக் கடைகளில் இந்தப் பருமனை ‘எவ்’ என்ற எழுத்தின் எண்ணிக்கையால் குறிப்பர். எழுத்துக் கூடக்கூட மணி சிறிதாகும். ஒரு எவ் மிகப் பெரிய வாயுள்ள துவக்குகளுக்கு. இரண்டு எவ் அரை அங்குலமும் அதற்கு மேலும் வாயுள்ள றைபிள்களுக்கு. மூன்று எவ் சிறு றைபிள்களுக்கும் கைத்துப்பாக்கிகளுக்கும். நான்கு எவ் கல் துவக்கின் வெளித்தட்டுக்கு மாத்திரம். பெரிய துவக்குக்குள் நான்கு எவ் மருந்தை நிரப்புவது மிக ஆபத்தானது. பொருள் ஒன்றேயானாலும் மணியின் பருமன் மாறினால் அது வேறு மருந்தாகிவிடுகிறது.

மணிகளுக்குக் கடைசியில் காரீயப் பூச்சுக் கொடுப்பதும் உண்டு. எமது நாட்டில் போகலையிலும் கஹட்டகஹவிலும் சுரங்கத்தில் எடுக்கப்படும் அதே கனியந்தான். அது மணிகள் ஒட்டாமல் வழுக்கி ஓடவும், ஈரம் விரைவில் ஏறாமல் இருக்கவும் உதவுகிறது.

வில்லை வந்த கதை

கருமருந்து மிக இலகுவாகப் பற்றும். அதனாலேயே அதனைக் கடையில் வைக்கவும் ஏற்றி இறக்கவும் கடுமையான விதிகள் உள்ளன. அமெரிக்காவில் பல கடைகள் அதனை விற்காமல் விட்டன. இந்நிலையில் டான் பவ்லாக் என்பவர் அதற்கு மாற்றாக ஒரு மருந்தை உருவாக்கினார். பைரோடெக்ஸ் என்ற பெயரில் 1976இல் அது சந்தைக்கு வந்தது. பற்றுவதற்கு அதற்குக் கருமருந்தைவிடக் கூடிய வெப்பம் வேண்டும். இருந்தும் மருந்து மருந்துதான். 1977இல் அதன் உற்பத்தி நிலையத்தில் ஏற்பட்ட வெடிவிபத்தில் பவ்லாக்கும் அவரோடு வேலை செய்த சிலரும் உயிரிழந்தனர். தொழிலை நன்கு அறிந்தவருக்கே இந்தக் கதி நேர்ந்தது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இம்மாற்று மருந்தை 1990களின் பிற்பகுதியில் வில்லைகளாக அழுத்தி விற்கத் தொடங்கினர். வில்லை சிறு உருளை வடிவமானது. நடுவில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். வடையின் நடுவே துளையிட்டால் உட்புறமும் சமமாக வேகும் அல்லவா? அதுபோல நெருப்பு இத்துளையினூடாக ஓடி உட்புறத்திலிருந்தும் வில்லையை எரிக்கிறது. பைரோடெக்ஸ் வில்லையின் ஒரு முனையில் கருமருந்துப் பூச்சு உண்டு. இலகுவில் பற்றும் அந்த முனை கேப்பின் பக்கமாக இருக்கவேண்டும். தலைகீழாகப் போட்டால் பற்றுவது பிந்தலாம் அல்லது பற்றாமலே போகலாம். பின்னர் 2000களின் தொடக்கத்தில் கந்தகமே இல்லாத வேறொரு மாற்று மருந்தும் தூளாகவும் வில்லையாகவும் வெளிவந்தது.

இரண்டையும் ஒப்பிட்டால்

1. பற்றும் தன்மை. அடுப்பு மூட்டும்போது முதலில் சுள்ளியை வைக்கிறோம், கட்டையை வைப்பதில்லை. தூள் மருந்து சுள்ளி போன்றது. மெல்லிய பொறியும் அதனைப் பற்றவைக்கும். வில்லை இறுகிய கட்டை போன்றது. வலுவான நெருப்பு நேராகப் பாய்ந்தால்தான் பற்றும். கல் துவக்கில் வில்லை சரிவராது. பக்கக் கேப்புத் துவக்கிலும் அதனை நம்ப முடியாது. விசையை இழுத்தும் வெடிக்காமல், ஒரு கணம் கழித்து வெடிக்கும் நிலை வரலாம். ‘வெடிக்கவில்லையே’ என்று குழலைத் திருப்பிப் பார்ப்பவருக்கு அந்தக் கணம் உயிராபத்து.

2. அளவு. கருமருந்தை நிறுத்துப் போடுவதில்லை. சுண்டால் அரிசி அளப்பதுபோலச் சிறு அளவையால் அளந்து போடுவார்கள். கிரெயின் என்பது அந்த அளவின் பெயர். 7,000 கிரெயின் ஒரு இறாத்தல். ஒரு கிராம் ஏறத்தாழ பதினைந்தரைக் கிரெயின். தூளானால் 70, 75, 80 என்று சிறுகச் சிறுக மாற்றி, குறிப்பிட்ட றைபிளுக்கு எந்த அளவில் குண்டு ஒரே இடத்தில் படுகிறது என்று கண்டுபிடிக்கலாம். வழமையான வில்லை 50 கிரெயினுக்குச் சமமானது. இரண்டு போட்டால் 100, மூன்று போட்டால் 150. இடைப்பட்ட அளவு வேண்டுமென்று வில்லையை வெட்டவோ உடைக்கவோ கூடாது. உடைந்த வில்லையில் எரியும் பரப்புக் கூடுகிறது; அது எரியும் வேகமும் மாறிவிடும்.

மாற்று மருந்துகளின் தூளை அளப்பதில் ஒரு பொறி உண்டு. ஒரு சுண்டு நெல்லும் ஒரு சுண்டு அரிசியும் ஒரே நிறையல்ல. அவ்வாறே பைரோடெக்ஸ் கருமருந்தைவிட இலேசானது. கருமருந்துக்குச் சொன்ன நிறையை அதற்கும் தராசில் நிறுத்துப் போட்டால் அளவு மிஞ்சிவிடும். எனவே அதனைக் கருமருந்து அளவையாலேயே அளக்க வேண்டும். கந்தகம் இல்லாத மாற்று மருந்து இன்னும் வலுவானது. அதனைக் கருமருந்தின் அளவிலிருந்து 15 வீதம் குறைத்துப் போடுமாறு உற்பத்தியாளரே கூறியுள்ளனர்.

3. வேகமும் வசதியும். இதில் வில்லைக்கே வெற்றி. குளிரில் விறைத்த விரலால் தூளை அளந்து சிந்தாமல் கொட்டுவதிலும், இரண்டு வில்லைகளை எடுத்துப் போடுவது இலகு. வில்லை பிரபலமானதற்கு முதற் காரணம் இதுவே.

4. உடைவும் ஈரமும். சட்டைப் பையில் ஆடிய வில்லை நொறுங்கலாம். கோலால் ஓங்கி இடித்தாலும் நொறுங்கும். அதைக் குண்டோடு சேர்த்து மெதுவாக இறக்கி அமர்த்த வேண்டும். தூளோ ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் உறுதியாக அமர்த்தப்பட வேண்டும். ஈரம் இரண்டையும் கெடுக்கும்.

5. விலை. வெடி ஒன்றுக்குக் கணக்குப் பார்த்தால் வில்லைக்கே செலவு கூட.

6. சட்டம். கொலராடோ, ஐடகோ ஆகிய மாநிலங்கள் இடியன் பருவகாலத்தில் வில்லை மருந்தைத் தடை செய்துள்ளன. பழைய முறையின் கடினத்தோடு வேட்டையாடுவோருக்கே அந்தச் சிறப்புக் காலம் ஒதுக்கப்பட்டது என்பது அங்குள்ள வாதம். பென்சில்வேனியாவில் 1974 முதல் கல் துவக்குக்கு மட்டுமே உரிய பருவகாலம் ஒன்றும் உண்டு. அங்கே தூளைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை.

அப்படியானால் முடிவு என்ன?

கல் துவக்கானால் தூள் கருமருந்து மட்டுமே. பக்கக் கேப்புத் துவக்கானால் தூள். அது கருமருந்தாகவோ தூளாக உள்ள மாற்று மருந்தாகவோ இருக்கலாம். கேப்பு நேர் பின்னால் உள்ள புதிய றைபிளானால் இரண்டும் பொருந்தும். அங்கு மட்டுமே வசதியா, நுட்பமான அளவா, விலையா என்று ஆளுக்கு ஆள் தெரிவு செய்யலாம். அதுவும் வில்லையின் குறுக்களவு குழலின் வாய்க்கு ஏற்றதாகவும், போடும் எண்ணிக்கை அந்த றைபிளைச் செய்தவர் குறித்த உச்ச அளவுக்கு உட்பட்டதாகவும் இருந்தாலேயே.

இரண்டுக்கும் பொதுவான விதிகள்

எந்த வடிவ மருந்தானாலும் மாறாத சில விதிகள் உண்டு.

முதலாவது, தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா மருந்தை இடியனுக்குள் போடவே கூடாது. 1884இல் பிரான்சில் போல் வியெய் என்பவர் கண்டுபிடித்த இவ்வகை மருந்து கருமருந்தின் இனமே அல்ல. அது உண்டாக்கும் அழுத்தத்தை இடியனின் குழல் தாங்காது. குழல் வெடித்தால் அதன் துண்டுகள் சுடுபவரின் இடது கையையும் முகத்தையும் தாக்கும். மருந்து இல்லையென்று தோட்டாவை உடைத்து அதன் மருந்தை இடியனில் கொட்டுபவர் தன் கையிலேயே குண்டு வைக்கிறார்.

இரண்டாவது, குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி அமர்ந்திருக்க வேண்டும். பாதிவழியில் குண்டு சிக்கி நின்றால் அது குழலுக்கு அடைப்பாகிவிடும். அந்நிலையில் சுட்டால் குழல் புடைக்கும் அல்லது பிளக்கும்.

மூன்றாவது, மருந்துப் போத்தலிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டக்கூடாது. முன்னைய வெடியின் தணல் ஒரு பொட்டு உள்ளே இருந்தாலே போதும், போத்தல் முழுவதும் கையில் வெடிக்கும். அளவையில் எடுத்து, போத்தலை மூடி வைத்த பின்னரே ஊற்ற வேண்டும்.

நான்காவது, விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் ஆளில்லாத திசைக்குக் குழலை நீட்டியபடியே பொறுத்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு நிமிடமாவது அசையக்கூடாது.

ஐந்தாவது, சுட்ட அன்றே குழலைக் கழுவ வேண்டும். கருமருந்து எரிந்தபின் எஞ்சும் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். பைரோடெக்ஸ் எரிந்தால் கறியுப்புக்கு நெருங்கிய உறவான ஒரு குளோரைட் உப்பு எஞ்சும். கடற்கரையில் விட்ட சைக்கிளுக்கு என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சவர்க்காரமிட்ட சுடுநீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுவதே முறை. துரு தின்ற குழல் முன்பு தாங்கிய அழுத்தத்தை இப்போது தாங்காது.

எமது ஊர்களிலுள்ள மூன்றாவது மருந்து

இலங்கைக்கு இவ்வகைத் துவக்கு புதியதல்ல. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்த பின்னர் இந்நாட்டுக் கொல்லர் அவற்றைத் தாமே செய்யப் பழகினர். அவர்களது வேலைத்திறனைப் போர்த்துக்கேய எழுத்தாளரே மெச்சியுள்ளனர். ஆனால் இன்று அனுமதிப்பத்திரமின்றி ஊருக்குள் உலாவும் இடியன்களில் பலவற்றின் குழல் அளந்து பரிசோதித்த குழல் அல்ல. கிடைத்த இரும்புக் குழாய். அதற்குள் போடப்படுவதும் மேலே சொன்ன தூள் மருந்தோ வில்லை மருந்தோ அல்ல. வீட்டில் கலந்த மாவு, பட்டாசிலிருந்து கொட்டியது, தீக்குச்சித் தலையிலிருந்து சுரண்டியது என்று இந்த மூன்றாவது மருந்துக்குப் பல முகங்கள்.

மாவு மருந்தின் குறைகளை மேலே பார்த்தோம். 600 ஆண்டுகளுக்கு முன்னர் கைவிடப்பட்ட ஒன்றையே இங்கு மீண்டும் குழலுக்குள் போடுகிறோம். இன்று மெதுவாக எரிந்தது நாளை சடுதியாக எரியும். அளவு என்பதே அங்கு பொருளற்றது. தீக்குச்சித் தலையிலும் சில பட்டாசுகளிலும் உள்ள குளோரேற் என்ற பொருள் இன்னும் கொடியது. கந்தகத்தோடு சேர்ந்தால் உரசலிலேயே பற்றக்கூடியது. இடியனுக்கோ கோலால் இடித்தே ஆகவேண்டும். இடிக்கும்போது குழலின் வாய்க்கு நேரே இருப்பது இடிப்பவரின் கையும் முகமுமே.

இதே மருந்துதான் கட்டுத்துவக்கிலும் போடப்படுகிறது. பன்றிக்கென்று பாதையோரம் கட்டிய கம்பியைப் பன்றியும் தட்டும், விறகு பொறுக்கப் போகும் பெண்ணும் தட்டுவாள், தேன் எடுக்கப் போகும் இளைஞனும் தட்டுவான். உலர் வலய வைத்தியசாலைகளில் கட்டுத்துவக்குக் காயங்களைச் சிகிச்சை செய்த வைத்தியர்கள் அவற்றைப் பற்றி மருத்துவச் சஞ்சிகைகளில் எழுதியுள்ளனர். காயம் பெரும்பாலும் காலில். தப்பினாலும் எலும்பு நொறுங்கிய காலோடு ஒரு கமக்காரர் என்ன செய்வார் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

சட்டமும் தெளிவானது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பதும், 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டப்படி அனுமதியின்றி மருந்து செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். பயிர்க் காவலுக்கான துவக்கு அனுமதியை மாவட்டச் செயலகத்தினூடாக விண்ணப்பிக்கும் வழி உண்டு. அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ உள்ள உறவினரிடம் வில்லை மருந்து கேட்டு எழுதாதீர்கள். தபாலிலும் விமானப் பயணப் பொதியிலும் வெடிபொருள் அனுப்புவது தடைசெய்யப்பட்டது. அனுப்புபவரும் பெறுபவரும் சிக்கலில் மாட்டுவர். வந்து சேர்ந்தாலும் எமது இடியனுக்கு அது பொருந்தாது என்பதை மேலே கண்டோம்.

காணிக்குத் திரும்புவோர் கவனத்துக்கு

பல ஆண்டுகள் இடம்பெயர்ந்திருந்து ஊர் திரும்புவோருக்கு இங்கு ஒரு சிறப்பான எச்சரிக்கை உண்டு. கைவிட்டுப்போன வீட்டின் கூரை இடுக்கிலோ, பற்றை மண்டிய வளவிலோ, பாழடைந்த கிணற்றடியிலோ பழைய இடியன் ஒன்று கிடைக்கக்கூடும். துரு ஏறிய வெறும் இரும்பென்று பிள்ளைகள் அதை எடுத்து விளையாடுவார்கள். ஈரம் படாத கருமருந்து பல தலைமுறைக்குப் பின்னும் உயிரோடு இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துத் துவக்குகள், நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் மருந்தும் குண்டும் உள்ளே இருக்கக் கண்டெடுக்கப்பட்டுள்ளன. தோட்டாத் துவக்கைத் திறந்து பார்க்கலாம். இடியனைத் திறக்க முடியாது; வெளியே பார்த்து உள்ளே மருந்து உண்டா இல்லையா என்று சொல்ல இயலாது.

ஆகவே கண்டெடுத்த எந்த இடியனையும் மருந்து நிரப்பியதாகவே கருதுங்கள். தொடாதீர்கள், விசையை இழுத்துப் பார்க்காதீர்கள், நெருப்பில் இடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடம் விற்காதீர்கள். இடத்தை அடையாளமிட்டு, பிள்ளைகளை விலக்கி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பழைய மருந்துப் போத்தலுக்கும் கேப்புப் பெட்டிக்கும் இதுவே விதி. கிடைத்தது கண்ணிவெடியாகவோ எறிகணையாகவோ இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால், வந்த தடத்திலேயே திரும்பி நடவுங்கள்.

பன்றியின் தொல்லை உண்மையானது என்பதை எவரும் மறுக்கவில்லை. நெடுங்காலம் விதைக்காத வயலைச் சுற்றிக் காடு நெருங்கி வந்திருக்கிறது. முதற் போக விளைச்சலை ஓர் இரவில் இழந்த குடும்பத்தின் துயரம் சிறிதல்ல. ஆனால் பன்றி தின்றது ஒரு போகத்து நெல். வெடித்த குழல் தின்பது எல்லாப் போகங்களையும் விளைவித்த கை. அயல் வயல்காரரோடு முறைவைத்துக் காவல் இருத்தல், வரம்போரம் நெருக்கமான முள்வேலி, கமக்காரர் அமைப்பினூடாகக் கமநல சேவை நிலையத்தில் சேதத்தை எழுத்தில் முறையிடல் ஆகியவை மெதுவான வழிகளே. தனி ஒருவர் செய்தால் பயன் குறைவு. ஒரு வயல்வெளி முழுவதும் சேர்ந்து செய்தால் பயன் தெரியும். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் பாய்ச்சுவது இவற்றில் சேராது. அது கட்டுத்துவக்கின் மறுபிறப்பு.

அனுமதியுள்ள நல்ல துவக்கு வைத்திருப்பவர், மருந்தை எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இத்துவக்கு எவ்வாறு நெருப்பைப் பெறுகிறது? அதன் குழல் எந்த மருந்துக்காகச் செய்யப்பட்டது? என் கையிலுள்ள மருந்து எதனால் ஆனது, எந்த மணி, எவ்வளவு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? மூன்றுக்கும் விடை தெரிந்தவருக்குத் தூளா வில்லையா என்பது சிறிய கேள்வி. ஒன்றுக்காவது விடை தெரியாதவர் அன்றிரவு துவக்கை எடுக்காமல், பக்கத்து வயல்காரரையும் கூட்டிக்கொண்டு பந்தமும் தகரமுமாகக் காவலுக்குப் போகட்டும்.